மூளை நூல்கள்: எதை வாங்குவது?

அன்புள்ள ஐயா,

நான் வணிகவியல் படித்தவள். மனிதர்கள் ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறார்கள் என்பதை மூளை அறிவியல் வழியாகத் தெரிந்துகொள்ள ஆசை. எரிக் காண்டலின் ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் நியூரல் சயின்ஸ்’, ராபர்ட் சபோல்ஸ்கியின் ‘பிஹேவ்’ இரண்டில் ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியும். எதை வாங்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சபோல்ஸ்கியை வாங்குங்கள். காண்டல், கடல் நத்தையின் செவுள் சுருங்குவதை வைத்தே நினைவு பதியும் விதத்தைக் காட்டி 2000இல் நோபல் பெற்றவர். அவரது நூல் 1981இலிருந்து மாணவர்களின் பாடநூலாக இருக்கிறது. 2021இல் வந்த ஆறாம் பதிப்பு 1,600 பக்கங்களுக்கு மேல். சொல்லித்தர ஆசிரியர் இல்லாமல் அதை எடுத்தால், நரம்பணுச் சவ்வின் மின்னழுத்தக் கணக்கிலேயே ஆர்வம் வற்றிவிடும்.

‘பிஹேவ்’ உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ஒருவர் ஒரு காரியம் செய்கிறார். அதற்கு ஒரு விநாடி முன்பு அவர் மூளையில் நடந்தது என்ன? சில மணி நேரத்துக்கு முன்பு ஹார்மோன்கள் எப்படி இருந்தன? அப்புறம் பதின்பருவம், குழந்தைப் பருவம், கருப்பை, பரிணாமம் என்று பின்னோக்கிப் போகிறார் சபோல்ஸ்கி. அறிவியல் பின்புலம் இல்லாதவர்களுக்காக நரம்பியல், ஹார்மோன்கள், புரதங்கள் பற்றி மூன்று பின்னிணைப்புகள் உண்டு. அவற்றை முதலில் படியுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இஸ்ரேலியப் பரோல் விசாரணைகள் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இந்நூலில் வருகிறது. உணவு இடைவேளை முடிந்ததும் சுமார் 65 சதவீதம் சாதகமாக இருந்த தீர்ப்புகள், அடுத்த இடைவேளை நெருங்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கின என்றது அது. பசிதான் காரணம் என்று படிப்பவர் மனதில் பதிந்துவிடும். ஆனால் வழக்குகள் வந்த வரிசை தற்செயலானதல்ல, வழக்கறிஞர் இல்லாத கைதிகள் பெரும்பாலும் கடைசியில்தான் வந்தார்கள் என்ற மறுப்பு அதே ஆண்டிலேயே வெளியானது. வழக்கறிஞர் இல்லாதவருக்குப் பரோல் கிடைப்பது, நீதிபதி சாப்பிட்டிருந்தாலும் கடினம்தானே! அதனால் மனதை அள்ளும் ஆய்வு எது வந்தாலும், அதற்கு மறுப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். நடத்தை பற்றிய எந்த நூலுக்கும் இது தேவை.

படித்து முடித்த பிறகு நரம்பணுக்கள் பற்றி இன்னும் ஆழமாக அறியத் தோன்றினால், அப்போதும் காண்டல் வேண்டாம். பேர், கானர்ஸ், பாரடைசோ மூவரும் எழுதிய ‘நியூரோசயின்ஸ்: எக்ஸ்ப்ளோரிங் தி பிரெய்ன்’ புதிதாக வருபவருக்கான பாடநூல். பழைய பதிப்பே போதும், பாதி விலைக்குக் கிடைத்தால் யோசிக்காதீர்கள். சபோல்ஸ்கி ஸ்டான்ஃபோர்டில் நடத்திய வகுப்புகள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. புத்தகம் வந்து சேரும்வரை அவற்றைப் பார்க்கத் தொடங்கலாம்.

அன்புடன்.