நெற்றியில் பட்ட அடியும் தம்பியின் கோபமும்

வணக்கம். பைக் விபத்தில் தம்பிக்கு நெற்றியில் பலத்த அடி, ஆறு மாதமாகத் தட்டை விட்டெறிகிற அளவுக்குக் கோபம், கொலைகாரர்களுக்கும் மூளையில் இதே இடம்தான் பழுது என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் படித்தது அநேகமாக ஏட்ரியன் ரெய்ன் என்ற உளவியலாளர் 1997-ல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். மனநிலை சரியில்லை என்று காரணம் காட்டி வாதாடிய கொலை வழக்கு ஆட்கள் 41 பேர், அதே வயதுள்ள வேறு 41 பேர். இருதரப்புக்கும் பெட் ஸ்கேன், அதாவது மூளையில் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் படம். முதல் தரப்புக்கு முன்மூளை, அதாவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, மந்தமாக வேலை செய்தது. சரி, ஆனால் அது கூட்டத்தின் சராசரி. ஒரு படத்தை மட்டும் பார்த்து 'இவன் கொல்வான்' என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஜேம்ஸ் ஃபேலன் என்ற மூளை விஞ்ஞானியின் சொந்த ஸ்கேனே சைக்கோபாத்களுடையதைப் (இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாதவர்களுடையதை) போல இருந்தது. மனிதர் ஆய்வகமும் குடும்பமுமாக வாழ்ந்தவர்.

முன்மூளை பிரேக் மாதிரி. தட்டை ஓங்கிய கை பாதியில் நிற்பது அதனால்தான். அடிபட்டால் பிரேக் தளரும். வஞ்சம் வைத்துத் திட்டம் போடுவது வேறு சமாச்சாரம். எறிந்துவிட்டு அழுகிறான் என்கிறீர்களே, அதை டாக்டரிடம் சொன்னீர்களா?

அப்புறம், வலிப்புக்காக லெவெடிராசிட்டாம் கொடுத்திருக்கிறார்களா என்று மருந்துச்சீட்டைப் பாருங்கள். எரிச்சல் அதன் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். எப்போது வெடிக்கிறான், முந்தின இரவு தூங்கினானா, சுற்றிலும் இரைச்சலா என்று நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். குடி அறவே கூடாது. அடிக்க வந்தால் வாதாடாமல் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கையில் ஆயுதம் எடுத்தால் உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.