நிஸானுக்கு என்னாச்சுங்க?

போன இதழில் பழைய கார் வாங்குவது பற்றி எழுதும்போது 'நிஸான் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன, மீதி இரண்டு பக்கத்தை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. சரி, இந்த முறை முழுக்க நிஸான்தான்.

2012, 13இல் எங்கள் வீதியில் மட்டும் இரண்டு மைக்ரா, ஒரு சன்னி நின்றன. இப்போது ஈரோடு வரை போய்த் திரும்பினால் ஒரு மேக்னைட் கண்ணில் பட்டால் அதிசயம். ஜப்பான் கம்பெனி, ஃபேக்டரியும் நம் ஓரகடத்தில். எப்படி இப்படி ஆனது?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

வண்டி சரியில்லாமல் வியாபாரம் படுக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010 மார்ச்சில் பிரான்ஸ் கம்பெனி ரெனோவும் நிஸானும் சேர்ந்து ஓரகடத்தில் ஃபேக்டரியைத் திறந்தபோது வருஷத்துக்கு 4 லட்சம் கார் செய்கிற கணக்கில் கட்டினார்கள். அதே ஜூலையில் மைக்ரா வந்தது, மறு வருஷம் சன்னி. அந்த மைக்ரா இங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கே போனது. உங்கள் வீதியில் நின்றதும் லண்டன் வீதியில் நின்றதும் ஒரே ஃபேக்டரி வண்டி.

வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. கம்பெனியின் ஒரு கண் எப்போதும் எண்ணூர் துறைமுகத்தின் மேலேயே இருந்தது. 2022இல் மொத்த ஏற்றுமதி 10 லட்சம் காரைத் தாண்டியது, சின்ன விஷயம் இல்லை. ஆனால் உள்ளூரில் விற்கிற வேலையை ஆரம்பத்தில் ஹோவர் ஆட்டோமோட்டிவ் என்ற இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் குடியிருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம் இல்லையா, கிணறு தூர்ந்துபோனதே இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர்களுக்குத் தெரியும். அந்த மாதிரி 2014இல் முழித்துக்கொண்டு அந்த ஒப்பந்தத்தை முறித்து, விற்பனையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் ஆரம்ப வேகம் போய்விட்டது.

அப்புறம் அந்த இரட்டைப் பெயர் கூத்து. நிஸான் மைக்ராதான் ரெனோ பல்ஸ், சன்னிதான் ஸ்காலா. 2012 ஜூலையில் ரெனோ டஸ்டர் வந்து ஊரையே கலக்கியது, அதே வண்டியின் முகத்தை மாற்றி 2013 அக்டோபரில் நிஸான் டெரானோ என்று கொண்டுவந்தார்கள். ஒரே ஃபேக்டரியில் செய்து, அடுத்தடுத்த ஷோரூமில் வைத்து, ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் இழுக்கிற வியாபாரம். இதில் லாபம் யாருக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஊர் முழுக்க எஸ்யூவி பக்கம் சாய்ந்தது. 2015இல் ஹூண்டாய் கிரெட்டா, 2016இல் மாருதி பிரெஸ்ஸா வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போயின. நிஸான் தன் கிக்ஸை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது 2019 ஜனவரியில். பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் வந்தால் என்ன கிடைக்கும்?

இதெல்லாம் நாடு முழுக்க உள்ள கதை. நம் பக்கத்துக்கென்று இன்னொரு காரணம் உண்டு, அதை நான் பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் நேரிலேயே பார்த்தேன். மச்சானுக்கு வண்டி பார்க்கப் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கன்சல்டிங்குக்குப் போயிருந்தோம். வெயிலில் வரிசையாக வண்டிகள், கடைசியில் வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை சன்னி, கண்ணாடியெல்லாம் வேப்பம்பூ ஒட்டிக் கிடந்தது. சிங்கிள் ஓனர், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறது, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட முழுசாகக் கிழிக்கவில்லை. மச்சான் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, இது எப்படி என்று கேட்டார். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னது: "வண்டி தங்கமுங்ண்ணா. ஆனா நீங்க ரெண்டு வருசம் ஓட்டிப்போட்டு எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்து நிறுத்துவீங்க, அப்ப நான் இதைய யாருகிட்ட தள்ளறதுங்?" பக்கத்தில் நின்ற ஸ்விஃப்ட் அதைவிட அதிகம் ஓடியது, பம்பர் ஒட்டுப்போட்டது, விலை கூட. மச்சான் ஸ்விஃப்டைத்தான் எடுத்தார். நானும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

நம்மாட்கள் கார் வாங்கும்போதே விற்கிற விலையையும் கையோடு கணக்குப் போட்டுவிடுவார்கள், அது பரம்பரை வியாதி. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வாங்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள், எந்த ஊரில் நின்றாலும் பார்க்க ஆள் இருக்கோணும், உதிரிபாகம் அன்றைக்கே கிடைக்கோணும் என்பார், மைலேஜ் எல்லாம் அப்புறம்தான். காருக்கும் அதே கண்தான். விற்பனை குறைந்தால் ஷோரூம் குறையும், ஷோரூம் குறைந்தால் ஜனங்கள் பயப்படுவார்கள், பயந்தால் ரீசேல் விழும், ரீசேல் விழுந்தால் புதுசும் விற்காது. இந்தச் செக்கில் மாட்டிய எந்தக் கம்பெனியும் சீக்கிரத்தில் வெளியே வந்ததில்லை.

டட்சன் என்று மலிவாக ஒன்று விட்டார்களே, அதாவது ஓடியிருக்க வேண்டாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

ஓடியிருக்க வேண்டும், விலை அப்படி. 2014 மார்ச்சில் டட்சன் கோ டெல்லி ஷோரூம் விலை 3.12 லட்சம், 2016இல் ரெடி-கோ 2.39 லட்சம். டட்சன் என்பது 1930களிலேயே இருந்த பெயர், 1980களில் நிஸானே மூட்டை கட்டி வைத்ததை நம்மையும் இந்தோனேசியாவையும் ரஷ்யாவையும் நம்பித் தூசி தட்டி எடுத்தார்கள்.

2014 நவம்பரில், காரை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கிற குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் கோவுக்குப் பூஜ்ஜியம் நட்சத்திரம். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வண்டிக்கூடு இருக்கிற இருப்புக்கு ஏர்பேக் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லி, அதை விற்பனையிலிருந்தே எடுக்கச் சொல்லி என்கேப் தலைவர் மாக்ஸ் மோஸ்லி நிஸான் தலைவருக்குக் கடிதமே எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அதே சோதனையில் ஸ்விஃப்டுக்கும் பூஜ்ஜியம்தான். ஸ்விஃப்ட் விற்பனை அதனால் ஆட்டம் காணவே இல்லை! வேண்டியவன் செய்தால் குற்றமில்லை, புதுசாக வந்தவன் செய்தால் ஊரே பேசும்.

ஆனால் டட்சன் விழுந்ததற்கு அது மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கார் வாங்குவது நம் ஊரில் ஒரு கௌரவம், முதல் கார் என்றால் கோயிலுக்கு எடுத்துப்போய் எலுமிச்சம்பழம் ஏற்றி, மாமன் மச்சான் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிற சமாச்சாரம். அதைப் போய் 'ஏழைகளுக்கான கார்' என்கிற தோரணையில் விற்றால் ஏழையும் வாங்கமாட்டான். ரெடி-கோவுக்குக் கூடப்பிறந்தது மாதிரியான ரெனோ க்விட் கொஞ்சம் கூடுதல் விலையில், ஜீப் மாதிரி ஒரு முகத்தோடு வந்து கூட்டத்தைப் பிடித்ததே. 2022 ஏப்ரலில் டட்சன் கதை இங்கே முடிந்தது.

ஒரே வண்டிக்கு இரண்டு பெயர் வைத்ததுதான் தப்பு என்றால், மாருதியின் பலேனோவைக் கிளான்சா என்று டொயோட்டா விற்கிறதே, அது மட்டும் எப்படிப் போகிறது?
– ஒரு வாசகர், நாமக்கல்

நாமக்கல்காரர் கேட்கிற கேள்விதான்! கிளான்சா 2019இல் வந்தபோது நானும் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வாங்குகிறவர் பலேனோவை வாங்கவில்லை, டொயோட்டா சர்வீஸை வாங்குகிறார். குவாலிஸ், இன்னோவா என்று இருபது வருஷம் ஓட்டிப் பார்த்து வந்த நம்பிக்கை அது. டெரானோ வாங்க வந்தவருக்கு நிஸான் கூடுதலாக என்ன கொடுத்தது? அதற்கு ஷோரூமிலேயே பதில் இல்லை. ஆக, இரண்டு பெயர் தப்பில்லை, இரண்டாவது பெயருக்கு ஊரில் மதிப்பு இருக்கவேண்டும்.

நிஸான் தலைவராக இருந்த கார்லோஸ் கோன் ஜெயிலுக்குப் போனதால்தான் இங்கே கம்பெனி விழுந்தது என்கிறார் என் நண்பர்.
– ஒரு வாசகர், கோவை

அவர் டோக்கியோவில் கைதானது 2018 நவம்பர். இங்கே அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. மேலிடத்துக் குழப்பத்தில் புது மாடல்கள் தள்ளிப்போயிருக்கலாம், அதற்கு மேல் பழியை அவர் தலையில் போடவேண்டாம்.

துபாயில் இருக்கும் என் தம்பி, அங்கே நிஸான் பேட்ரோல் எஸ்யூவிதான் ராஜா என்று தினமும் போனில் வெறுப்பேற்றுகிறான்.
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

அவர் சொல்வது நிஜம். பாலைவனத்தில் பேட்ரோலுக்கு இருக்கிற மரியாதை தனி. நம் ஓரகடத்து மேக்னைட்டே இடது பக்க ஸ்டீயரிங்கோடு 2025இலிருந்து சவூதிக்குப் போகிறது என்று தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

ஃபோர்டு மாதிரி இவர்களும் கிளம்பிவிடுவார்களா? மேக்னைட் வாங்கலாம் என்று இருக்கிறேன்.
– ஒரு வாசகி, கரூர்

பயம் நியாயமானதுதாங்க. 2021 செப்டம்பரில் ஃபோர்டு கைகழுவியதை மறக்க முடியுமா? நிஸான் 2023இல் ரெனோவோடு சேர்ந்து 5,300 கோடி போடுகிறோம், ஆறு புது வண்டி வருகிறது என்று அறிவித்தது. 2025 மார்ச்சில் ஓரகடம் ஃபேக்டரியில் தன் 51 சதவீதப் பங்கையும் ரெனோவுக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்தது. கேட்டதும் எனக்கும் வயிற்றில் புளி கரைத்தது. ஆனால் வண்டி அங்கேதான் செய்வோம், இங்கே தொடர்ந்து விற்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சொந்த வீட்டை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கிற மாதிரி.

மேக்னைட் நல்ல வண்டி. 2020 டிசம்பரில் 4.99 லட்சத்தில் ஆரம்பித்தார்கள், அந்த ஒரே வண்டிதான் இவ்வளவு நாள் கடையைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. 2025இல் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரமும் வாங்கிவிட்டது. எஞ்சின் ரெனோ கைகரோடு பொதுவானது என்பதால் உதிரிபாகத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஊருக்குள் ஓட்ட சாதா பெட்ரோல் எஞ்சின் போதும். வருஷத்துக்கு நாலு தடவை ஊட்டிக்குப் போகிற குடும்பம் என்றால் டர்போ எஞ்சின் எடுங்கள், 72 குதிரைத்திறன் சாதா வண்டியில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கல்லாறு தாண்டினால் அது மூச்சு வாங்கும். பணம் கட்டும் முன் கரூரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஏழு எட்டு வருஷம் வைத்து ஓட்டுவதென்றால் வாங்கலாம். மூன்று வருஷத்தில் மாற்றுகிற பழக்கம் இருந்தால் வேண்டாம்.

அப்பா 2013இல் வாங்கிய சன்னி டீசல் வீட்டில் நிற்கிறது. கேட்கிற விலையைச் சொன்னால் அழுகை வருகிறது. விற்பதா, வைத்துக்கொள்வதா?
– ஒரு வாசகர், உடுமலை

வைத்துக்கொள்ளுங்கள், எதற்கு அவசரம்? என் மாமா இன்னும் சன்னியில்தான் கல்யாணம் காட்சிக்குப் போகிறார். டிக்கி 490 லிட்டர், ஐந்து சிப்பம் அரிசியை வைத்த பிறகும் அத்தையின் பை இரண்டுக்கு இடம் இருக்கும். பின் சீட்டில் கால் நீட்டி உட்கார அதே விலையில் அன்றைக்கு வேறு வண்டி கிடையாது.

அந்த 1.5 டீசல் எஞ்சின் ரெனோவுடையது. பழைய டீசல் டஸ்டரில் இருந்ததும் அதுதான், மஹிந்திரா லோகன், வெரிட்டோவில் இருந்ததும் அந்தக் குடும்பம்தான். அதனால் வெரிட்டோ பார்த்துப் பழகிய மெக்கானிக் இருந்தால் உங்களுக்குக் கவலை இல்லை, டாக்ஸிக்காரர்களைக் கேட்டால் ஆள் காட்டுவார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கிற பட்டை. பெட்ரோல் சன்னிக்கு செயின், டீசலுக்கு பெல்ட். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும், செலவு வண்டி விலையைத் தொடும். அப்பா கடைசியாக எப்போது மாற்றினார் என்று பில்லைத் தேடுங்கள். பில் கிடைக்காவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு எடுங்கள்.