ஒரே பதிவு இரண்டு முறை ஏறுவது ஏன்? – டேட்டாபேஸ் கேள்வி பதில்

டேட்டாபேஸில் இரட்டைப் பதிவுகள் பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம். மையெஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். மற்றவற்றைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: எங்கள் கோயிலில் தைப்பூசப் பால்குடத்துக்கு இணையம் வழியாகப் பெயர் பதிகிறார்கள். ஒருவரின் அடையாள அட்டை எண் டேபிளில் இருக்கிறதா என்று செலக்ட் போட்டுப் பார்க்கிறோம், இல்லையென்றால்தான் இன்சர்ட் செய்கிறோம். இருந்தும் கூட்டம் அதிகமான நாள்களில் ஒரே எண் இரண்டு முறை ஏறிவிடுகிறது. பயன்படுத்துவது மையெஸ்கியூஎல். எங்கே தவறு? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: செலக்டுக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவே சில மில்லிசெகண்டுகள் கழிகின்றன. ஒரு பக்தர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு கோரிக்கைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும். இரண்டும் செலக்ட் செய்யும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும், இரண்டும் இன்சர்ட் செய்யும். டிரான்சாக்‌ஷனுக்குள் (பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டி, எல்லாம் நடக்கவோ எல்லாம் ரத்தாகவோ செய்யும் முறை) வைத்தால் தீரும் என்று பலர் நம்புகிறார்கள், தீராது. மையெஸ்கியூஎல்லின் இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் (ஒரே நேரத்தில் ஓடுபவை ஒன்றன் மாற்றத்தை மற்றொன்று எவ்வளவு பார்க்கலாம் என்ற அமைப்பு) சாதாரண செலக்ட் எதையும் பூட்டுவதில்லை. போஸ்ட்கிரெஸின் இயல்பான ரீட் கமிட்டட் நிலையிலும் அப்படித்தான்.

‘இது ஏற்கெனவே இருக்கிறதா?’ என்ற முடிவை டேட்டாபேஸிடமே விடுங்கள். விழா ஆண்டு, அடையாள அட்டை எண் ஆகிய இரண்டு புலங்களையும் சேர்த்து ஒரு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டாம் முறை நுழையாமல் தடுப்பது) போடுங்கள். எண்ணுக்கு மட்டும் போட்டால் அடுத்த ஆண்டு அதே பக்தர் பதிய முடியாது. கட்டுப்பாடு வந்தபின் செலக்டை எடுத்துவிட்டு நேராக இன்சர்ட் செய்யுங்கள். இரண்டாவது கோரிக்கைக்கு மையெஸ்கியூஎல் 1062 என்ற பிழை எண்ணைத் தரும். போஸ்ட்கிரெஸில் அது 23505, எஸ்கியூஎல் சர்வரில் 2627 அல்லது 2601. அந்த எண்ணை மட்டும் பிடித்து, “உங்கள் பெயர் ஏற்கெனவே பதிவாகியுள்ளது” என்று பக்தருக்குக் காட்டுங்கள். எல்லாப் பிழைகளையும் ஒரே வலையில் பிடித்து இதே செய்தியைக் காட்டக் கூடாது. இணைப்பு அறுந்ததால் பதிவாகாத ஒருவர், பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்.

பதிவை ரத்து செய்தவர் மறுபடி பதிய வந்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ரத்தான வரி டேபிளிலேயே இருந்தால் யூனிக் கட்டுப்பாடு அவரைத் தடுக்கும். போஸ்ட்கிரெஸில் ‘ரத்தாகாத வரிகளுக்கு மட்டும்’ என்று ‘வேர்’ (where) நிபந்தனையோடு யூனிக் இண்டெக்ஸ் போடலாம். மையெஸ்கியூஎல்லில் அந்த வசதி இல்லை. அங்கே ஒரு ஜெனரேட்டட் புலம் (மற்ற புலங்களிலிருந்து தானாகக் கணக்கிடப்படுவது) வையுங்கள்: பதிவு நடப்பில் இருந்தால் 1, ரத்தானால் ‘நல்’ (மதிப்பே இல்லாத வெற்றிடம்). அதை மூன்றாவது புலமாக யூனிக் கட்டுப்பாட்டில் சேருங்கள். யூனிக் இண்டெக்ஸில் ஒரு நல் மற்றொரு நல்லுக்குச் சமமில்லை என்பதால், ரத்தான வரிகள் எத்தனை இருந்தாலும் மோதாது.

இதே நல் வேறோர் இடத்தில் காலை வாரும். அடையாள அட்டை எண் புலம் நல் ஏற்கும்படி இருந்தால், எண் தராதவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பதியலாம், கட்டுப்பாடு வாய் திறக்காது. ஆகவே அந்தப் புலத்துக்கு நாட் நல் (வெற்றிடம் கூடாது என்ற கட்டுப்பாடு) போடுங்கள். வெளிநாட்டவருக்கு நாடு, கடப்பிதழ் எண் என்று தனி இணை வையுங்கள். எஸ்கியூஎல் சர்வர் மட்டும் யூனிக் கட்டுப்பாட்டில் ஒரே ஒரு நல்லை ஏற்கும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் ‘நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்’ என்று எழுதி இதே நடத்தையைப் பெறலாம்.

கேள்வி: இன்சர்ட் இக்னோர், ரிப்ளேஸ் இன்டூ, ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் – இரட்டைப் பதிவைக் கையாள மையெஸ்கியூஎல் தரும் இந்த மூன்று கட்டளைகளில் எது நல்லது? – வாசகி, செந்தூல்

பதில்: ரிப்ளேஸை மறந்துவிடுங்கள். அது பழைய வரியைத் திருத்துவதில்லை, அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. ஆட்டோ இன்கிரிமென்ட் எண் (வரிக்குத் தானாகக் கிடைக்கும் வரிசை எண்) மாறிவிடும். பிள்ளை டேபிளில் ஆன் டிலீட் கேஸ்கேட் (தாய் வரி அழிந்தால் அதைச் சார்ந்த வரிகளும் அழியும் அமைப்பு) இருந்தால், ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைப் புதுப்பிக்கப் போய் அவருடைய பழைய விற்பனைச் சீட்டுகள் அத்தனையும் போய்விடும். டேபிளில் இரண்டு யூனிக் கீகள் இருந்து, புதிய வரி இரண்டிலும் வெவ்வேறு வரிகளோடு மோதினால், அந்த இரண்டு வரிகளுமே அழியும்.

இன்சர்ட் இக்னோர் இரட்டைப் பதிவை மட்டும் விட்டுக்கொடுப்பதாகத் தோன்றும். உண்மையில் வேறு பல பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக இறக்கிவிடுகிறது. 50 எழுத்துப் புலத்தில் 70 எழுத்து முகவரி வந்தால் வெட்டிச் சேமிக்கும். ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் வரியைச் சுட்டும் புலம்) பொருந்தாத வரியைச் சத்தமின்றித் தள்ளிவிடும். யாருக்கும் தெரியாது.

மையெஸ்கியூஎல்லில் பெரும்பாலும் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்தான் எங்கள் தேர்வு. புதிய வரி சேர்ந்தால் பாதிக்கப்பட்ட வரிகள் 1, பழையது திருத்தப்பட்டால் 2, மதிப்பு எதுவும் மாறவில்லையென்றால் 0 என்று அது திருப்பித் தரும். உங்கள் பதிவேட்டில் இந்த எண்ணைக் குறித்துவையுங்கள். புதிய மதிப்பைக் குறிக்கும் பழைய வேல்யூஸ் முறை 8.0.20 முதல் கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது. 8.0.19இல் வந்த மாற்றுப்பெயர் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட யூனிக் கீ உள்ள டேபிளில் எந்தக் கீயில் மோதியது என்று இதில் குறிப்பிட வழியில்லை, அங்கே கவனம் தேவை.

போஸ்ட்கிரெஸில், 9.5 பதிப்பில் வந்த ஆன் கான்ஃப்ளிக்ட் இந்த வகையில் தெளிவானது. எந்தப் புலங்களில் மோதினால் என்ன செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதலாம். இரண்டு பொறிகள் மட்டும் உண்டு. டூ நத்திங் (மோதினால் எதுவும் செய்யாதே) என்று எழுதி ரிட்டர்னிங் (எழுதிய வரியைத் திருப்பித் தா) சேர்த்தால், மோதிய வரிக்கு எதுவும் திரும்பி வராது; அதன் எண் தேவையென்றால் பின்னால் ஒரு செலக்ட் போட வேண்டும். ஆன் கான்ஃப்ளிக்ட் இல்லாமல் வெறும் இன்சர்ட் செய்து 23505 பிழை வந்தால், அந்த டிரான்சாக்‌ஷனே செல்லாமல் போய், அடுத்து வரும் கட்டளைகளும் தள்ளப்படும். முன்னதாக ஒரு சேவ்பாயின்ட் வைத்திருந்தால் அதுவரை திரும்பலாம்.

கேள்வி: பிரைமரி கீயாக (வரியின் முதன்மை அடையாளமாக) யூயூஐடி (தானாக உருவாகும், மறுபடி வராத நீண்ட எண்) வைத்தால் இரட்டைப் பதிவே வராது என்கிறார் நண்பர். சரியா? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: சரியல்ல. ஒரே மாணவரை இரண்டு முறை பதிந்தால் இரண்டு வெவ்வேறு யூயூஐடி கிடைக்கும், அவ்வளவுதான். செயற்கை எண் எதுவானாலும், அந்த ஆளையோ பொருளையோ அடையாளம் காட்டும் இயல்பான புலங்களுக்குத் தனியே யூனிக் கட்டுப்பாடு வேண்டும். உலாவியிலேயே படிவம் திறக்கும்போது ஒரு யூயூஐடியை உருவாக்கி, அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்பி, அந்தப் புலத்தை யூனிக் ஆக்கினால் இரட்டை அழுத்தலைத் தடுக்க அது உதவும்.

கேள்வி: டியூஷன் மையத்தில் மாணவர் டேபிள் முழுக்க இரட்டைப் பதிவுகள். யூனிக் கீ போடப் போனால் பிழை வருகிறது. பழைய பட்டியல்களெல்லாம் எக்செல் கோப்பிலிருந்து ஏற்றியவை. எப்படிச் சுத்தம் செய்வது? – வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முதலில் முழு பேக்கப். அடுத்து, அழிக்கும் முன் எக்செல் செய்த சேதத்தைப் பாருங்கள். மலேசிய அடையாள அட்டை எண் 12 இலக்கம், அதில் முதல் ஆறும் பிறந்த தேதி. எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டால் ‘8.50101இ+11’ என்பதுபோலச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்தே போகும். அப்போது ஒரே தேதியில் பிறந்த வெவ்வேறு பிள்ளைகள் ஒரே எண்ணோடு நிற்பார்கள். அவர்களை இரட்டைப் பதிவு என்று அழித்துவிடாதீர்கள். 2000க்குப் பின் பிறந்த பிள்ளைகள் பலரின் எண் 0 என்று தொடங்குவதால் அந்த 0 விழுந்து 11 இலக்கமோ அதற்கும் குறைவாகவோ நிற்கும். புலம் எண் வகையில் இருக்கக் கூடாது, எழுத்து வகையில், சரியாக 12 இலக்கம் என்ற செக் கட்டுப்பாட்டோடு இருக்கட்டும். இடையில் வரும் கோடுகளைச் சேமிக்கும் முன்பே நீக்கிவிடுங்கள்.

பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே பிள்ளை ஒரு பட்டியலில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) சேர்த்தும், இன்னொன்றில் அது இல்லாமலும் இருப்பார். கைப்பேசி எண்ணும் உதவாது, அண்ணன் தங்கை இருவருக்கும் அம்மாவின் எண்தான் இருக்கும்.

எண்கள் சரியானபின், வரிகளுக்கு வரிசை எண் இடும் ரோ நம்பர் செயல்பாட்டை அடையாள அட்டை எண்ணால் பார்ட்டிஷன் செய்து (குழுக்களாகப் பிரித்து) ஓட்டுங்கள். மையெஸ்கியூஎல்லில் இதற்கு 8.0 வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் 1 என்று வருவது தங்கும் வரி. பழைய எண், தங்கும் எண் என்று ஒரு மாற்று டேபிள் செய்து, கட்டண டேபிளையும் வருகை டேபிளையும் தங்கும் எண்ணுக்குத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் அழித்தால் பெற்றோர் கட்டிய பணத்துக்கு ஆளில்லாமல் போகும். வருகை டேபிளில் ஒரே நாளுக்கு இரண்டு வரி சேர்ந்து அங்கே மோதல் வரலாம், அதையும் முன்னரே பாருங்கள். பிறகு அழியுங்கள், உடனே யூனிக் கீ போடுங்கள். இதற்கிடையே பதிவுப் பக்கம் மூடியிருக்கட்டும். மையெஸ்கியூஎல்லில் ஆல்டர் டேபிள் கட்டளை தானாகவே கமிட் செய்துவிடும், பின்வாங்க முடியாது. போஸ்ட்கிரெஸில் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வைக்கலாம்.

இனி எக்செல்லிலிருந்து ஏற்றும்போது நேராக முதன்மை டேபிளில் ஏற்றாதீர்கள். கட்டுப்பாடில்லாத ஓர் இடைநிலை டேபிளில் இறக்கி, சரிபார்த்து, அங்கேயே இரட்டைகளை நீக்கி, பின் நகர்த்துங்கள். ஒரே கட்டளைக்குள் ஒரே எண் இரண்டு முறை இருந்தால் போஸ்ட்கிரெஸின் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் (மோதினால் திருத்து) மொத்தமாக நின்றுவிடும்.

கேள்வி: தமிழ் நூல்பட்டியல் ஒன்றைப் போஸ்ட்கிரெஸில் வைத்திருக்கிறோம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றுக்கும் யூனிக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனாலும் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் தலைப்புகள் இரண்டிரண்டாக இருக்கின்றன. எப்படி? – வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: திரையில் ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே குறியீடுகள் வேறு. ‘கொ’ என்பதை க, அடுத்து ஒகரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக இரண்டையும் வெவ்வேறு சொற்களாகவே எடுத்துக்கொள்ளும். பழைய திஸ்கி குறியேற்றத்திலிருந்து மாற்றிய பட்டியல்களில் மூன்று குறியீட்டு வடிவம் நுழைந்திருக்க வாய்ப்புண்டு. யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (சேரக்கூடிய குறிகளை ஒரே குறியீடாக்கும் சீரான வடிவம்) மாற்றினால் இவை ஒன்றாகும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் செயல்பாடு இருக்கிறது. பழைய வரிகளை மாற்றிவிட்டு, இனி என்எஃப்சி அல்லாத எதுவும் நுழையாதபடி செக் கட்டுப்பாடும் போடுங்கள்.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள எழுத்தும் தட்டியிருப்பார்கள்; ‘கௌ’ என்றே கண்ணுக்குத் தெரியும். ‘ஸ்ரீ’யை ஸ வைத்தும் எழுதுகிறார்கள், 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶ வைத்தும் எழுதுகிறார்கள். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது அகலமற்ற இணைப்பான்கள் (கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள்) ஒட்டிக்கொண்டு வரும். இவற்றுக்குத் தனி மாற்று விதிகளை எழுதி, தேடலுக்கென்று ஒரு ‘ஒப்பீட்டுத் தலைப்பு’ புலம் வைத்து, யூனிக் கட்டுப்பாட்டில் தலைப்புக்குப் பதில் அந்தப் புலத்தைச் சேருங்கள். ஆசிரியர் அச்சிட்ட தலைப்பு மாறாமல் தன் புலத்திலேயே இருக்கட்டும்.

புத்தகத்தின் இரண்டு பிரதிகள் இருந்தால் அவை இரட்டைப் பதிவல்ல என்பதையும் கவனியுங்கள். நூலுக்கு ஒரு டேபிள், பிரதிக்கு ஒரு டேபிள் என்று பிரித்து, பிரதியின் பார்கோடு எண்ணை அங்கே யூனிக் ஆக்குங்கள். ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச எண்) உள்ள நூல்களில் பழைய 10 இலக்க எண்ணையும் 13 இலக்கமாக மாற்றியே சேமியுங்கள்: முன்னால் 978 சேர்த்து, கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தை நீக்கிவிட்டுப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய பதிப்புகளுக்கு அந்தப் புலம் நல்லாக இருக்கலாம். அவற்றை ஒப்பீட்டுத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு ஆகிய மூன்றும் காக்கும். ஆண்டு தெரியாத நூல்களுக்கு நல்லுக்குப் பதில் 0 போடுங்கள், இல்லையென்றால் அந்த வரிகளில் கட்டுப்பாடு வேலை செய்யாது.