பரணில் கிடைத்த பழைய கடிதங்களை என்ன செய்வது? அவற்றைக் கொண்டு குடும்ப வரலாறு எழுத முடியுமா?

தொண்டியில் உள்ள உங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டுக் காகிதங்களைக் கழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழிக்காதீர்கள். ஆனால் ஸ்கேன் செய்யும் வேலையையும் இந்த வாரம் தொடங்க வேண்டாம். எண்பத்து மூன்று வயதில் அத்தை ஒருவர் இருக்கிறார் என்று கேள்வியின் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் அவரிடம் போங்கள். இத்தனை வருடம் பரணில் கிடந்த காகிதம் இன்னும் சில மாதம் கிடக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

நான் கீழக்கரைக்காரன். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே சபர் போன ஆண்கள், அதாவது பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்கள், எழுதிய கடிதங்கள் மனைவியின் வீட்டுக்கு வந்தன. அந்த வீடு பிறகு மகளுக்குப் போனது. கடிதங்களும் வீட்டோடு போயின. தம் தகப்பனாரின் கையெழுத்து ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை என்றே என் வாப்பா, அதாவது என் தந்தை, கடைசிவரை நம்பியிருந்தார். நான்கு தெரு தள்ளி, அவருடைய ராத்தா, அதாவது அவருக்கு அக்கா, எனக்கு மாமி, 63 கடிதங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குடும்பக் காகிதம் தேடுகிறவர்கள் தகப்பன்வழி வீடுகளையே தட்டுகிறார்கள். அக்காமார், அத்தைமார், சின்னம்மாக்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் பெட்டிக்கு ஒரு ஜோடிப் பெட்டி அங்கே இருக்கலாம். கடிதம் என்பது ஒரு பக்கத்துப் பேச்சுதான். பதில் எப்போதும் வேறு வீட்டில்தான் இருக்கும்.

அந்த 63இல் 54 என் பாட்டனார் எழுதியவை. அவர் 1948 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். மீதி ஒன்பது, பாட்டியார் இங்கிருந்து எழுதி, பாட்டனார் ஊர் திரும்பும்போது தம் பெட்டியில் கொண்டுவந்தவை. எத்தனையோ கடிதங்களில் இந்த ஒன்பதை மட்டும் ஏன் வைத்திருந்தார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். பெட்டி கைக்கு வந்ததும் இரண்டே நாளில் அத்தனையையும் ஸ்கேன் செய்துவிட்டேன். காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி. பிறகு உட்கார்ந்து பார்த்தால் ஒரு வரிகூட என்னால் வாசிக்க முடியவில்லை. அத்தனையும் அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத ப, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபி எழுத்தின் மேலும் கீழும் புள்ளி கூட்டி நம் முன்னோர் உண்டாக்கிக்கொண்ட முறை அது. 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எங்கள் ஊரில் இருந்துகொண்டு பெரிய மார்க்க நூல்களையே அந்த எழுத்தில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடமே போகாத என் பாட்டியாருக்குக் குர்ஆன் ஓதியதால் அரபி எழுத்து கைவந்திருந்தது. அதில் தமிழ் எழுதினார். அவர் வாசிக்க வேண்டும் என்பதற்காக, கடையில் நாளெல்லாம் தமிழில் கணக்கெழுதிய பாட்டனார் வீட்டுக்கு மட்டும் அரபுத்தமிழில் எழுதினார். எனக்கும் குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் அவசரக் கையெழுத்தில் புள்ளிகள் இடம் மாறிக் கிடந்தன. எந்தப் புள்ளி எந்த எழுத்துக்கு என்று மாமிக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி வாசிப்பார், நான் எழுதுவேன். கைப்பேசி பக்கத்தில் பதிந்துகொண்டிருக்கும். முதல் கடிதத்தின் தலைப்பில் 786, பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதும் எண். அடுத்த வரி, 'மூத்தவள் உம்மாவுக்கு', அதாவது மூத்த மகளின் தாயாருக்கு. பாட்டியார் எழுதினால் 'மூத்தவள் வாப்பாவுக்கு'. மனைவி பெயரை அவர் எழுதவில்லை, கணவர் பெயரை இவர் எழுதவில்லை. வாசித்த அத்தனை கடிதத்திலும் அந்த இருவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை! மற்றவர்கள் எல்லாரும் மேலவீட்டு மச்சான், கிணற்றடிச் சாச்சி என்றே வருகிறார்கள். 'மேலவீட்டு மச்சான்' ஒருவரே என்று நினைத்து நான் ஒரு வம்சாவளிப் படம்கூட வரைந்துவிட்டேன். மாமி பார்த்துவிட்டு, 1950க்கு முன் வருகிறவர் ஒருவர், பின் வருகிறவர் அவருடைய தம்பி என்று திருத்தினார். ஐம்பதுகளின் கடிதங்களில் திரும்பத் திரும்ப 'பெர்மிட் இன்னும் ஆகவில்லை' என்று வரும். கடை உரிமம் என்று நினைத்தேன். அது அவர் அங்கே தங்குவதற்கான தற்காலிக அனுமதி. இலங்கை 1948இல் குடிவரவுச் சட்டம் கொண்டுவந்த பிறகு இந்தியச் சிப்பந்திகள் அந்த அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்துத்தான் அங்கே இருந்தார்கள். 'பெர்மிட் ஆனால் நோன்புக்கு வருகிறேன்' என்று ஐந்து ஆண்டுகள் எழுதியிருக்கிறார். 1951இல் ஒருமுறை வந்து திரும்பியபோது, 'தனுஷ்கோடியில் இர்வின் கப்பல் ஏறி சுகமாக வந்து சேர்ந்தேன், தொதல் கெடவில்லை' என்று எழுதிய கடிதத்தை வாசித்தபோது மாமி வாசிப்பதை நிறுத்திவிட்டார். அந்தத் தொதல் இனிப்பைக் கிண்டியபோது தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டே இருந்தவர் அவர்.

இனி, நான் எதற்காக இதையெல்லாம் எழுதுகிறேனோ அந்தக் கடிதம். ஒன்பதில் ஒன்று. தேதி 'ரமலான் பிறை 3' என்று மட்டும் இருக்கிறது. உறையின் அஞ்சல் முத்திரையில் 65 தெளிவாகத் தெரிகிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தபோது நோன்புக்கு முந்தைய மாதத்தின் நடுவில் வரும் பராஅத் இரவு கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு வாரத்தில் நோன்பு பிறந்தது. அப்போது எழுதிய கடிதம். 'இங்கே யாவரும் சுகம். காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. நோன்பு பிடித்திருக்கிறோம். தாங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம்.' அவ்வளவுதான். நான் அதைக் குறித்துக்கொண்டு, கீழக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பாதிப்பில்லை என்று பக்கத்தில் எழுதினேன்.

மாமி சொன்னார்: "இது உம்மாவின் கையெழுத்து இல்லை, என்னுடையது. அப்போது உம்மாவுக்குக் கண் மங்கிப்போயிருந்தது. கூரை ஓடு பாதி பறந்துவிட்டது. விடியும்வரை பக்கத்து மாடி வீட்டில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓடு போனதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதாதே, அங்கே அவர் தொண்டையில் சோறு இறங்காது என்றார்கள்."

கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நல்ல தரத்தில் ஸ்கேனும் இருக்கிறது. மாமி அந்த ஐந்து வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால், என் பேரப்பிள்ளைகள் அந்த இரவு எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நம்பியிருப்பார்கள். ஊரிலிருந்து வெளியூருக்குப் போகும் கடிதங்கள் இப்படித்தான் எழுதப்பட்டன. துக்கத்தைக் குறைத்து, சுகத்தைக் கூட்டி. 'இவ்விடம் யாவரும் நலம்' என்ற வரியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அன்று உண்மையிலேயே நலமா என்று உங்கள் அத்தையிடம் கேளுங்கள். யார் சொல்ல யார் எழுதினார்கள் என்றும் கேளுங்கள். கடிதம் சொல்வதை ஒரு மையிலும் அத்தை சொல்வதை வேறு மையிலும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே கதையாகக் கலந்துவிடாதீர்கள். நாளை ஒருவர் வேறு சாட்சியம் கொண்டுவந்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

தேதி இல்லாத கடிதங்களைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். முதலில், உறைகளையும் முகவரிப் பக்கத்தையும் பிரித்து எறியாதீர்கள், பாதி வரலாறு அதில்தான் இருக்கிறது. நம் நாட்டுத் தபால்தலையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றால் அதற்குப் பிந்தையது. நீலநிற இன்லாண்டு கடிதம் 1950 அக்டோபரில்தான் வந்தது. முகவரியில் 623 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. பின்கோடு இல்லாததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நம் ஊரில் அதற்குப் பிறகும் பல வருடம் யாரும் அதை எழுதவில்லை. சிலோன் 1972 மே 22இல் ஸ்ரீலங்கா ஆனது. அந்த நாட்டுத் தபால்தலையைப் பார்த்தால் தெரியும். எங்களைப் போல் பிறைக் கணக்கில் எழுதிய வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. பிறை ஆண்டு ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு என்பதால் நோன்பு எல்லாப் பருவத்திலும் சுற்றிவரும். 'கத்திரி வெயிலில் நோன்பு' என்று பாட்டியார் எழுதிய ஒரு கடிதத்தை 1953ஐ ஒட்டிய ஆண்டுகளில் வைத்தோம், ஏனென்றால் அந்த ஆண்டு நோன்பு மே நடுவில் பிறந்தது. வேறு எந்தக் குறிப்பும் அதில் இல்லை.

காகிதத்தைப் பற்றி. கடலோர வீட்டில் உப்புக் காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி எதுவும் இருந்தால் முதல் நாளே மெதுவாக எடுத்துவிடுங்கள். துரு எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்யவே கூடாது. கிழிசலுக்குச் செலோ டேப்பும் ஆகாது, சில வருடத்தில் மஞ்சளாகி அந்த இடத்து வரியோடு உரிந்து வரும். ஈரம் தெரிந்தால் நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள், வெயில் வேண்டாம். பழைய பேனா மை தண்ணீர் பட்டதும் கரையும். ஆகவே ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில், தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டாமல் வையுங்கள். வசம்பு வைப்பது நல்ல பழைய வழக்கம். ஆனாலும் ராமபாணப் பூச்சிக்கும் செல்லுக்கும் ஒரே மருந்து, அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுதான். ஐப்பசி, கார்த்திகையில் திறக்க வேண்டாம். தை பிறந்து காற்று உலர்ந்ததும் திறந்து பாருங்கள்.

பிறகு ஸ்கேன். வண்ணத்தில், குறைந்தது 300 புள்ளி அடர்த்தியில், இரண்டு பக்கமும். இன்லாண்டு கடிதத்தில் ஒட்டும் மடிப்பையும் ஓரங்களையும் விட்டுவிடாதீர்கள். இடம் தீர்ந்த பிறகு நெருக்கி எழுதிய வரிகளில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். பிரதியை மூன்று வீட்டில் வையுங்கள். பொதுவில் வைக்க மனம் இருந்தால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், இலங்கை தொடர்பானவற்றுக்கு இணையத்தில் நூலகம் நிறுவனத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கடிதங்களை வாசித்து முடித்ததும், இவற்றைப் பிரதி எடுக்காதே என்றார் மாமி. சொத்தும் இல்லை, பெரிய குற்றமும் இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவரின் மனம் நோகும். அந்த இரண்டின் ஸ்கேனையும் அழித்துவிட்டேன். காகிதத்தை உறையில் இட்டு ஒட்டி அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மாமி 2023இல் மவுத்தானார்கள், காலமாகிவிட்டார்கள். 49 கடிதங்கள் முடிந்திருந்தன. ஒவ்வொரு வெள்ளியும் இரண்டுக்கு மேல் வேண்டாம், கண் வலிக்கிறது என்பார். நானும் அவசரப்படுத்தவில்லை. மீதி 14. அவற்றில் இரண்டு, பாட்டியார் எழுதிய ஒன்பதில் சேர்ந்தவை.

இப்போது எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒரு பெரியம்மாவிடம் அரபுத்தமிழ் கற்றுக்கொள்கிறேன். அவருக்கு எழுத்து தெரியும், எங்கள் வீட்டு மனிதர்களைத் தெரியாது. ஐந்து கடிதங்களை வாசித்துவிட்டோம். ஆறாவதில் பாட்டியார், 'அவளுக்கு அந்தச் சேலையைக் கொடுத்துவிட்டேன், தாங்கள் வருத்தப்பட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். எழுத்தில் சந்தேகமே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் இருக்கிறது. அவள் யார், எந்தச் சேலை என்று கேட்க எங்கள் குடும்பத்தில் இப்போது ஆள் இல்லை.