முதுகுவலி: பழைய ஸ்கேனும் புதிய அறிகுறியும்

உங்கள் நீண்ட கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நான்கு மாதங்களாக வலது காலில் மட்டும் இறங்கிக்கொண்டிருந்த வலி பத்து நாட்களாக இடது காலிலும் இறங்குகிறது என்றும், சிறுநீர் வரச் சற்று நேரமாகிறது என்றும் சொல்லிவிட்டு, ‘54 வயதாகிவிட்டது, ப்ராஸ்டேட் சுரப்பி வீக்கமாக இருக்கும்’ என்று நீங்களே முடிவும் கட்டியிருக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால், உங்களைப்போல டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கியிருப்பவருக்கு இரு கால்களிலும் வலி வந்த அதே நாட்களில் சிறுநீரும் தடைபட்டால், பரிசோதித்து வேறு காரணத்தை உறுதிசெய்யும்வரை அதை நரம்பு அழுத்தமாகவே கருத வேண்டும். கடிதம் எழுதிய நாளிலேயே நீங்கள் மருத்துவமனைக்குச் சென்றிருக்க வேண்டும். இதை வாசித்ததும், இன்றே, அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போல ஒரு கற்றையாக இறங்கி, கால்களுக்கு மட்டுமன்றி சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் செல்கின்றன. பிதுங்கிய டிஸ்க் இந்தக் கற்றையை நெருக்கினால் சிறுநீர் தடைபடும். சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போகும். மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவதே சிலருக்குத் தெரியாது. மருத்துவர் அந்தப் பகுதியின் உணர்ச்சியைத் தொட்டுப் பார்ப்பார். சிறுநீர் கழித்த பிறகும் பையில் எவ்வளவு தங்குகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார். 200 மி.லி.க்கு மேல் தங்கினால் சந்தேகம் வலுக்கும், உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கப்படும். அழுத்தம் உறுதியானால் அறுவை சிகிச்சையை எவ்வளவு விரைவாக, முடிந்தால் 48 மணி நேரத்துக்குள், செய்கிறோமோ அவ்வளவு நல்லது. தாமதித்தால் வாழ்நாள் முழுவதும் சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரலாம்.

‘நான்கு மாதத்துக்கு முன்புதான் எம்.ஆர்.ஐ. எடுத்தேன், நரம்பு அழுத்தம் லேசானது என்றார்கள்’ என்று நிம்மதியடையாதீர்கள். அந்தப் படம் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். பத்து நாட்களுக்கு முன் தொடங்கிய அறிகுறியைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். அறிக்கையில் ‘எல்2 எலும்பில் (இடுப்பின் இரண்டாவது முதுகெலும்பில்) ஹெமான்ஜியோமா’ என்று இருந்ததை இணையத்தில் தேடி, எலும்புப் புற்றுநோய் என்று நம்பித் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். அது ரத்தநாளங்களின் சிறு குவியல். வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் கண்ணில் படுகிறது. வழக்கமான தோற்றத்தில், சிறிய அளவில் இருப்பதாக ஸ்கேன் மருத்துவரே எழுதியிருக்கிறார். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. டிஸ்க் பிதுக்கம் என்ற சொல்லும் தன்னளவில் மிரட்டக்கூடியதன்று. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாதிப் பேருக்கும் மேல் பிதுக்கம் இருந்தது. யாருடைய ஸ்கேனையும் அவருடைய உடலைப் பரிசோதிக்காமல் வாசிக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையில், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 24 என்று வந்திருப்பது உங்கள் வயதில் கவலைப்படும் அளவன்று. யூரிக் அமிலத்துக்கும் உங்கள் வலிக்கும் தொடர்பில்லை.

என்னைக் கோபப்படுத்தியது வேறொன்று. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் நீங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, மூன்று மாதமாக நாளுக்கு இரண்டு டைக்ளோஃபினாக் வலி மாத்திரை விழுங்கியிருக்கிறீர்கள். அது ரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இத்தனை பரிசோதனைகளுக்குப் பணம் கட்டிய நீங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அவசியமான கிரியாட்டினினை மட்டும் பார்க்கவில்லை. வலி மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, அந்தப் பரிசோதனையையும் மருத்துவமனையிலேயே செய்துகொள்ளுங்கள்.

அங்கே போனதும் முதுகுவலி என்று பேச்சைத் தொடங்காதீர்கள். உங்களை வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடும். சிறுநீர் வரத் தாமதமாகிறது, இரு கால்களிலும் வலி இறங்குகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.