கழித்தல் குறியைக் கண்டு அஞ்ச வேண்டுமா?

கேள்வி: இரண்டு வயது நிறைந்த என் மகனின் வளர்ச்சி அட்டையில், உயரத்துக்கான இசட் மதிப்பு −1.5 என்று குறித்திருக்கிறார்கள். கழித்தல் குறியைப் பார்த்ததிலிருந்து மனம் பதறுகிறது. இதன் பொருள் என்ன?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கழித்தல் குறி, உங்கள் மகன் சராசரியைவிடக் குள்ளம் என்பதை மட்டுமே சொல்கிறது, நன்றாக வளரும் குழந்தைகளிலும் பாதிப் பேருக்கு அந்தக் குறி உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, 24 மாத ஆண் குழந்தையைப் படுக்கவைத்து அளக்கும் நீளத்தின் சராசரி 87.8 செ.மீ., திட்ட விலக்கம் (குழந்தைகளின் அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) சுமார் 3.05 செ.மீ. ஆகும். குழந்தையின் அளவிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்தால் இசட் மதிப்பு கிடைக்கும். 83.2 செ.மீ. உள்ள குழந்தைக்கு −4.6ஐ 3.05ஆல் வகுக்க, −1.5 வரும்.

உயரம் ஏறக்குறைய இயல்நிலைப் பரவலில் (சராசரியை ஒட்டிப் பலரும், விலக விலகச் சிலருமாக அமையும் மணி வடிவ வளைவில்) அமைவதால், இம்மதிப்பை நிகழ்தகவாக மாற்றலாம்: அந்த வளைவின்கீழ் −1.5க்குக் குறைவான பகுதியின் பரப்பு, மொத்தத்தை 1 எனக் கொண்டால், 0.0668, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு குழந்தைகள் உங்கள் மகனைவிடக் குள்ளமாக இருப்பார்கள். (எடையின் பரவல் ஒருபுறம் சாய்ந்திருப்பதால், அதற்கு இந்த எளிய வகுத்தல் பொருந்தாது.)

−2க்குக் கீழே சென்றால்தான் வளர்ச்சிக் குறைவு என வகைப்படுத்துகிறார்கள். ஆனால் நன்றாக வளரும் குழந்தைகளிலும் 2.3 சதவீதத்தினர் அந்த எல்லைக்குக் கீழே இருப்பார்கள் என்பதால், அந்த எண் மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை. முந்தைய அளவீடுகளிலும் −1.5ஐ ஒட்டியே இருந்திருந்தால் கவலை வேண்டாம். 0விலிருந்து படிப்படியாக இறங்கி வந்திருந்தால், தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள்.