இடம் மாறும் குழந்தைகள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தினர். கட்டட வேலைக்காக நானும் கணவரும் பெங்களூரில் இருந்தபோது, மகளை என் அம்மாதான் வளர்த்தார். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததால், கடந்த ஜூனில் அவளை எங்களோடு அழைத்துவந்து இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறாள். தம்பியை அடிக்கிறாள். நான் கடைக்குப் போனாலும் அழுதுகொண்டே பின்னால் வருகிறாள். நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த அவளுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

வாசகி, ஓசூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பெற்றோரோடு சேர்ந்துவிட்டாளே, இனி என்ன குறை என்று நமக்குத் தோன்றுகிறது. அவளோ, தன்னைத் தூக்கி வளர்த்த அம்மாயியையும் ஊரையும் தோழிகளையும் ஒரே நாளில் இழந்து, தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஒரு தெருவில் வந்து நிற்கிறாள். கட்டுப்பாட்டைக் கற்பிக்கும் முன், அவளுக்கு நேர்ந்தது ஒரு பிரிவு என்பதை வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் பலர், குழந்தை அழுமே என்று அது தூங்கும்போதே பஸ் ஏறிவிடுவது வழக்கம். உங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருந்தால், கண் அசந்தால் ஆள் போய்விடுவார் என்பதை அவள் நன்றாகவே கற்றிருப்பாள். கடைவரை பின்தொடர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இனி எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள். மணிக்கணக்கு அவளுக்குப் பிடிபடாது என்பதால், 'குக்கர் விசில் அடிப்பதற்குள் வந்துவிடுவேன்' என்பதுபோல அவளுக்குப் புரியும் அடையாளத்தைச் சொல்லி, சொன்னபடியே திரும்புங்கள். இந்த நம்பிக்கை வேரூன்றும்வரை மற்ற எந்தப் பயிற்சியும் பலிக்காது.

வயிற்றுவலி நடிப்பல்ல. இந்த வயதில் அச்சம் பெரும்பாலும் வயிற்றுவலியாகவும் தலைவலியாகவுமே வெளிப்படும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, உடலில் கோளாறில்லை என்று தெரிந்துகொண்டபின் பள்ளியை நிறுத்தாதீர்கள். வீட்டிலேயே இருத்திக்கொண்டால் அச்சம் வளரத்தான் செய்யும். உறக்கமும் உணவும் தொடர்ந்து கெட்டால், அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

தம்பியை அடிக்கும்போது கையைப் பிடித்துத் தடுத்து, 'கோபம் வரலாம், அடிக்கக் கூடாது' என்று சொல்லுங்கள். அடங்கியபின், 'அம்மாயி ஞாபகம் வந்துவிட்டதா?' என்று கேளுங்கள். தன்னை அடக்கிக்கொள்ளும் திறனுக்கு உதவும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதை முழுமையாக எதிர்பார்ப்பது நியாயமில்லை. உறவினர் சொல்லும் நாலு அடியோ, கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதைத்தான் அவளுக்குக் கற்றுத்தரும். தான் செய்த ஏதோ தவறுக்காகத்தான் அம்மாயியிடமிருந்து பிரித்துவிட்டார்கள் என்றும் இந்த வயதுக் குழந்தை நினைக்கக்கூடும்; அப்படியில்லை என்பதை அவள் கேட்காமலேயே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

அம்மாயியைப் பார்த்தால் ஏக்கம் கூடும் என்று சிலர் தடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓசூரிலிருந்து பாலக்கோட்டுக்கு ரயிலே இருக்கிறது. போகும் நாளை நாட்காட்டியில் அவள் கையாலேயே வட்டமிடச் செய்து, அந்த நாளில் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். நடுவில் தினமும் மாலையில் ஒரே நேரத்தில் போனில் பேசட்டும். சில நாட்களில் பேசி முடித்ததும் அழுவாள். அதற்காகப் பேச்சை நிறுத்த வேண்டாம்.